முந்நூறு பக்கம் அச்சுப் பிழை

செய்தி வந்தபோது பகல் இரண்டரை மணி. தங்கை கண்ணாடிக் கடையின் உள்ளறையில் ஒரு பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் இருந்த எழுத்துகளை வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசை தெரியாத ஆத்திரத்தில் அவர், "இதெல்லாம் எழுத்தா? எறும்பை நசுக்கி ஒட்டி வெச்சிருக்கீங்க" என்று சண்டைக்கு நின்றார். அப்போதுதான் கடை முதலாளி கதவைத் திறந்து போனை நீட்டினார்.

"உனக்குத்தான்மா. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுலேருந்து."

மறுமுனையில் சூப்பர்வைசர் அம்மா. "உங்க அக்கா மடிக்கிற மேஜைகிட்ட விழுந்துட்டாங்க. நீங்க கொஞ்சம் வாங்க."

உடனே வாங்க என்று சொல்லவில்லை. கொஞ்சம் வாங்க என்றார். அவசரம் எல்லாம் முடிந்துவிட்டது என்று அந்த ஒரு சொல்லிலேயே தங்கைக்கு விளங்கிவிட்டது. பெரியவரின் முகத்திலிருந்து சோதனைக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

போகிற வழியெல்லாம் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆறு மாடி ஆஸ்பத்திரி. மாடிக்கு மாடி டாக்டர்கள் வெள்ளைக் கோட்டோடு நடமாடுகிறார்கள். அத்தனை பேருடைய காலுக்கும் கீழே, கீழ்த்தளத்தில், அவர்களுடைய கோட்டுகளைத் துவைக்கிற இடத்தில் அக்கா விழுந்திருக்கிறாள். தள்ளுவண்டி வந்து சேரவே நேரமாகிவிட்டதாம். துணி ஏற்றுகிற லிஃப்டில் ஆளை ஏற்றக் கூடாதாம். "ரூல் அப்படிம்மா" என்று காவலாளி சொன்னார். தங்கை திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வலி தெரிந்திருக்காது என்றார்கள். யாருக்கு என்று கேட்கத் தோன்றியது.

அக்கா அப்படிக் கீழ்த்தளத்துக்கென்று பிறந்தவள் இல்லை. அப்பா போன பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவளே அவள்தான். லாரி பார்சல் அலுவலகத்தில் வேலை. அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கிடங்குக்குக் கிடங்கு போய்ச் சரக்கைச் சரிபார்த்துவிட்டு வருவாள். அந்த வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டாலே லாரி ஓட்டுநர்கள் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நிற்பார்களாம். ஒருமுறை ஒருவர், "பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ வாய் ஆகாது தாயி" என்றிருக்கிறார். "வாய் எனக்கு. வலி உங்களுக்கா?" என்று இவள் கேட்டாளாம். அந்த ஓட்டுநர் பிறகு அவளுக்குப் பெரிய சிநேகிதர் ஆகிவிட்டார். வண்டி பழுதானால் அவர்தான் ஸ்பேனரோடு வருவார்.

அந்த அலுவலகத்துக்குத்தான் அத்தான் வந்தார். லாரிகளுக்கு இன்சூரன்ஸ் பிடிக்கிறவர். ஊரே அவரை ஏஜெண்ட் என்றுதான் கூப்பிடும். நாக்கில் தேன் தடவிய பேச்சு. எதிரில் இருப்பவரின் குழந்தை, மாடு, முட்டிவலி வரை விசாரித்துவிட்டுத்தான் பாலிசியைப் பற்றி வாயைத் திறப்பார். அக்கா அவரிடமும் வாயாடினாள். அவர் அதை ரசித்தார். ரசித்தார் என்பது உண்மைதான், தங்கை அதை இன்றைக்கும் மறுக்க மாட்டாள். கல்யாணம் பேசி முடித்த மறுநாள் ஒரு தலையணை கனத்துக்குச் சரித்திர நாவல் ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார்.

"நீதான் அவ. வாசிச்சுப் பாரேன். அப்படியே நீதான்."

தங்கை அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே கட்டிலில் படுத்து அதை வாசித்தார்கள். ஆளுக்கொரு அத்தியாயம், மற்றவளுக்குக் கேட்கிற மாதிரி. கடலோரத்துக் கோட்டை, அதன் முனையில் ஒரு கலங்கரை விளக்கம், அந்த விளக்கைக் காக்கிறவனுடைய மகள். விளக்குக்காரி என்றே பெயர். எதிரிக் கப்பல்கள் வருகிற இரவில் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் வேறொரு பாறையில் வைத்து அத்தனையையும் மணல்திட்டில் ஏற்றிவிடுவாள். சொந்தப் படகு வைத்திருப்பாள். கரை ஒதுங்கிய அந்நியன் ஒருவனை எண்ணெய்க் கிடங்கில் பூட்டிவைத்து, சோறு வேண்டுமானால் எண்ணெய்க் குடம் தூக்கு என்பாள். அவன் மாறுவேடத்தில் வந்த ராஜா என்று வாசிப்பவர்களுக்கு மட்டும் தெரியும். அந்த இடத்தில் அக்கா புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு கட்டில் ஆடும்படி சிரித்தாள்.

"குட்டி, என்னை நல்லாத்தான் எடை போட்டிருக்காரு இந்த ஏஜெண்ட்டு."

அக்கா ருசித்து வாசிப்பவள். ஒரு பக்கத்தை இரண்டு முறை வாசிக்காமல் அடுத்ததற்குப் போக மாட்டாள். அதனால் கல்யாண நாள் வந்தபோது புத்தகத்தில் பாதிகூட ஆகியிருக்கவில்லை. பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

போன சில மாதங்களில் ஒரு நாள், வேலை முடிந்து வெளியே வந்து பார்த்தால் மோட்டார் சைக்கிளைக் காணோம். அத்தான் ஆட்டோவோடு நிற்கிறார், கையில் அவளுக்கென்று வாங்கிய புது கைக்கடிகாரம். வண்டியை விற்றுவிட்டாராம். "இனிமே நீ வெயில்ல அலையக் கூடாது. எனக்கு மனசு தாங்கல" என்றாராம். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும், இப்படிப் புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள். வண்டி போனபின் கிடங்குகளுக்கு எப்படிப் போவது? வேலையும் போயிற்று. அதையும் அவர்தான் மேனேஜரிடம் இனிமையாகப் பேசி முடித்துவைத்தார்.

அதே வாரம் அக்கா போனில் தங்கையைக் கூப்பிட்டாள்.

"புஸ்தகம் கெட்டுப்போச்சு குட்டி." பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஏன், நனைஞ்சிடுச்சா?"

"இல்லடி. கதை. அந்த ராஜா அவளோட படகை எரிச்சுட்டான். 'இனி உனக்குப் படகு எதற்கு, என் தோள் இருக்கிறது'ங்கறான். இவ அழுவுறா."

"கோவத்துலயா?"

"சந்தோஷத்துல."

பிறகு அக்கா வேறு எதையோ பேசினாள். கடைக்குப் போக வேண்டும், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டாள். அந்தப் புத்தகத்தைப் பற்றி அவள் தங்கையிடம் பேசியது அதுதான் கடைசி.

பிள்ளைகள் இல்லை. வருடங்கள் ஓடின. கம்ப்யூட்டரிலேயே இன்சூரன்ஸ் போட்டுக்கொள்ளும் காலம் வந்ததும் அத்தானின் தேன் பேச்சுக்கு வேலையில்லாமல் போயிற்று. வீடு தள்ளாடியபோது அக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் சேர்ந்தாள். அத்தான் மறுக்கவில்லை. "கீழ்த்தளம்தானே, நல்ல இடம். யார் கண்ணுலயும் படாது" என்றார். தங்கை அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவள் பல மாதங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அக்காவோ கடைக்கு வந்து, "சோத்து மேல என்னடி கோவம்?" என்று கேலி செய்துவிட்டுப் போனாள்.

சலவைப் பிரிவுக்கு அக்கா அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோனாள் என்பதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் துணி துவைக்கிற டிரம்களை நிறுத்தியதும் அங்கிருந்த பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டினாள் என்பதும் தங்கைக்கு அரைகுறையாகத் தெரியும். நல்ல கட்டத்தில் நிறுத்திவிட்டு, மீண்டும் டிரம் சுற்ற ஆரம்பிக்கும்போது "தொடரும்" என்று சொல்லிவிட்டு எழுவாளாம். அதனால் அங்கே அவளுக்குத் தொடரும் அக்கா என்றே பெயர்.

இதெல்லாம், இறுதிச் சடங்கு முடிந்து, வந்தவர்கள் போய், வீட்டில் செருப்புகள் குறைந்த பிறகுதான் தங்கைக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நினைவுபடுத்தியவர் அத்தான். கூடத்து மேஜையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அவர் அழுதது நடிப்பில்லை. அதுதான் தங்கைக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நடிப்பாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம்.

"பேப்பர்ல அறிவிப்பு குடுக்கணும்மா. சாயங்காலத்துக்குள்ள குடுத்தா நாளைக்கு வந்துடும். எல்லாம் எழுதிட்டேன். நடுவுல ஒரு வரி மட்டும் பாக்கி."

"என்ன வரி?"

"அவளுக்குப் பிடிச்ச புஸ்தகத்துலேருந்தே போடலாம்னு. விளக்குக்காரி சொல்லுவா பாரு, 'அவர் நிழலாக நடப்பதே என் அரியாசனம்'னு. சிம்மாசனமா அரியாசனமா, சரியா ஞாபகம் வரல. தப்பா போட்டுடக் கூடாது. புஸ்தகம் சலவைல இருக்குமாம். நீ போய் எடுத்துட்டு வாயேன்." மூக்கை உறிஞ்சினார். "இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லம்மா அவ. அவளை ஒரு சொல்லுல சொல்லணும்னா நிழல்தான்."

தங்கைக்குக் காது சூடாகிவிட்டது. லாரி ஓட்டுநர்களை எழுந்து நிற்கவைத்தவளை நிழல் என்கிறார். அதையும் அச்சில் போடப் போகிறார். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் காலையில் காப்பியோடு வாசித்துவிட்டு, பாவம் நல்ல பொண்ணு என்பார்கள். அக்கா என்று ஒருத்தி இருந்ததற்கு அச்சில் மிஞ்சப்போவது அந்த ஒரே வரி.

வெடுக்கென்று பதில் சொல்லியிருப்பாள். ஒரு சந்தேகம் நாக்கைக் கட்டிவிட்டது. கெட்டுப்போன புத்தகத்தை அக்கா ஏன் இத்தனை வருடம் வைத்திருந்தாள்? ஏன் அதை எடுத்துப் போய் நாலு பேருக்கு வாசித்தாள்? ஒருவேளை நாளாவட்டத்தில் அந்த இரண்டாம் பாதி அவளுக்குப் பழகிவிட்டதோ? நிழல்தான் என்று அவளே ஒத்துக்கொண்டுவிட்டாளோ? அப்படியானால் இந்த மனிதர் எழுதுவதுதான் சரி. கத்துவதற்குத் தங்கைக்கு ஒன்றும் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சலவைப் பிரிவில் சாப்பாட்டு நேரம். டிரம்கள் நின்றிருந்தன, சூடு மட்டும் இறங்கவில்லை. நீளமான மேஜையின் இரு பக்கமும் பெண்கள் டிபன் டப்பாக்களைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர்களில் இருவரைத் தங்கைக்கு அக்கா விழுந்த அன்றைக்கே தெரியும். அக்காவின் தலையை மடியில் வைத்திருந்தவர்கள். ஒருத்தி ஒல்லி, பேச்சு குத்தும், குண்டூசி என்று பட்டப்பெயர். மற்றவள் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவளை டிரம் என்பார்கள்.

புத்தகம் சோப்புத்தூள் வாளிகளுக்கு மேல், பலகையில் இருந்தது. தங்கை கையை நீட்டியதும் டிரம் குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"வீட்டுக்கு. அத்தான் கேட்டாரு."

"முடிவு தெரியாம நாங்க புஸ்தகத்தைக் குடுத்துடணுமா? நல்லாருக்கே நியாயம்! உங்கக்கா நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டா. மீதியை நீ வாசிச்சுட்டு எடுத்துட்டுப் போ."

"தங்கச்சி படிச்ச புள்ளை. நல்லாவே வாசிக்கும்" என்றாள் குண்டூசி. "உக்காரு தொடரும் தங்கச்சி. தண்ணி குடிக்கிறியா?"

தங்கை உட்கார்ந்தாள். புத்தகத்தை மேஜையில் வைத்ததும் அது தானாகவே நடுவில் விரிந்தது. அந்தப் பக்கம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு அங்கிருந்தே ஆரம்பித்தாள். கரையில் படகு எரிகிறது. 'இனி உனக்குப் படகு எதற்கு?' என்கிறான் ராஜா. விளக்குக்காரியின் கண்களில் ஆனந்தக் கண்ணீர் அரும்புகிறது. 'அவர் நிழலாக நடப்பதே இனி என் அரியாசனம் என்று எண்ணியவளாய் நாணித் தலை கவிழ்ந்தாள்.' அடுத்த பக்கத்தில் அரண்மனை. அங்கே ஏற்கெனவே ஒரு பட்டத்து ராணி. விளக்குக்காரி அவளுக்குப் பூமாலை தொடுத்துக்கொடுத்து மறுபடியும் நாணினாள்.

"நிறுத்து, நிறுத்து!" டிரம்மின் குரலில் டிபன் மூடி ஒன்று அதிர்ந்தது. "என்ன வாசிக்கிற நீ?"

"இருக்கறதைத்தான்."

"எவ நாணினா? நம்ம விளக்குக்காரியா? அவ எங்க நாணினா? படகை எரிச்சதும் அவனைப் புடிச்சுக் கடல்ல தள்ளினாளே!"

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. "கடல்ல தள்ளினாளா?"

"'படகு என்னுது. எரிக்க நீ யாருடா?'ன்னு கேட்டுட்டுத்தான் தள்ளினா" என்றாள் குண்டூசி. "அவன் தண்ணி குடிச்சு எந்திரிச்சு வந்து, 'நான்தான் இந்த நாட்டு ராஜா'ங்கறான். 'ராஜான்னா புதுப் படகு செஞ்சு குடு. உன் கையால செய்யணும், தச்சன் கை படக் கூடாது'ங்கறா. அதுதானே கதை?"

"இழைப்புளி புடிக்கத் தெரியாம கையெல்லாம் கொப்புளம் அவனுக்கு" என்று இன்னொருத்தி ஓரத்திலிருந்து சிரித்தாள். "முதல் படகு தண்ணியில விட்டதும் மூழ்கிடுச்சு. இவ கரையில உக்காந்து கடலை கொறிச்சுட்டு, 'மறுபடி செய் ராசா'ங்கறா. மூணு மாசமா அந்தாளு மரம் இழைக்கிறான். வயிறு வலிக்கச் சிரிச்சோம். நீ என்னடான்னா மாலை தொடுத்தாங்கற!"

"மூணாவது படகு மிதந்துச்சு" என்றாள் டிரம். அவள் குரல் முதல்முறையாக இறங்கியது. "அன்னைக்குத்தான். விளக்குக்காரி ஏறி உக்காந்து துடுப்பை எடுத்துட்டா. ராஜா இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, 'நானும் வரட்டுமா?'ன்னு கேக்குறான். உங்கக்கா புஸ்தகத்தை மூடி, 'தொடரும்'னா. சுவிட்ச் போட்டோம். ரெண்டு விரிப்பு மடிச்சிருப்பா. அவ்வளவுதான்."

தங்கை புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். முதல் பாதி ஆவியிலும் விரல்களிலும் ஊறி, உப்பி, பழுப்பேறியிருந்தது. இரண்டாம் பாதி கடையில் வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வெள்ளையாக, விறைப்பாக இருந்தது. மாதக்கணக்கில் அக்கா நடுப்பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்திருக்கிறாள்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்ற கோபம் முதலில் அக்கா மேலேயே பாய்ந்தது. ஒரே கட்டிலில் ஆளுக்கொரு அத்தியாயம் வாசித்தவளுக்கு, கெட்டுப்போச்சு என்று ஒரு சொல். முன்பின் தெரியாத இவர்களுக்குப் படகு, கொப்புளம், கடலை, எல்லாம்! பெண்கள் தன்னையே பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அதை விழுங்கினாள்.

"இதுல அப்படியெல்லாம் இல்லக்கா. எங்கக்கா தானாச் சேர்த்துச் சொல்லியிருக்கா."

"எங்க, குடு." குண்டூசி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். அவளுக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும். உதடு அசைய ஒரு பக்கம் வாசித்தாள். புரட்டினாள். அடுத்ததையும் வாசித்தாள். கடைசி வரை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"அச்சுப் பிழை" என்றாள்.

"முந்நூறு பக்கமுமா?"

"முந்நூறு பக்கமும்தான். என்ன இப்போ? ஆஸ்பத்திரி விரிப்புலயே மாசாமாசம் வார்டு பேரைத் தப்பா அச்சடிச்சு அனுப்புறானுங்க. புஸ்தகத்துல பண்ண மாட்டானுங்களா?"

மேஜை முழுக்கத் தலையாட்டியது. யாரும் சிரிக்கவில்லை.

"சரி, புஸ்தகத்தைக் கொண்டுபோ. நாளைக்குத் திரும்பி வந்துடணும், சொல்லிட்டேன்" என்றாள் டிரம்.

வீட்டில் அத்தான் தாளும் பேனாவுமாக அதே இடத்தில் இருந்தார். புத்தகத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கெடைச்சுதா? அரியாசனம்தானே?"

"அந்த வரி இதுல இல்ல அத்தான்."

"இருக்கேம்மா. படகு எரியற இடத்துல."

"அது அச்சுப் பிழை."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். அழுது அழுது இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். "உக்காரும்மா. டீ போடட்டுமா?"

"வேணாம். ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. இதைக் குடுத்தப்போ 'நீதான் அவ'ன்னீங்களே, எந்த அவ?"

"எந்த அவன்னா? விளக்குக்காரிதான்."

"எந்தப் பாதி விளக்குக்காரி? எண்ணெய்க் குடம் தூக்க வெச்சவளா, மாலை தொடுத்தவளா?"

அத்தான் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ரெண்டும் ஒருத்திதானேம்மா. முதல்ல துடுக்கா இருப்பா. அப்புறம் அன்பு வந்ததும் அடங்கிடுவா. அதுதானே அழகே! உங்கக்காவும் அப்படித்தான். முதல்ல என்ன ஆட்டம், என்ன வாய்! அப்புறம் எப்படி மாறிட்டா."

இதுதான் என்று தங்கைக்குத் தோன்றியது. கட்டிலில் படுத்து அவர்கள் சிரித்தது ஒருத்தியை நினைத்து. இந்த மனிதர் பெண் கேட்டு வந்தது வேறொருத்தியை நினைத்து. நீதான் அவ என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பாதியைப் பிடித்திருக்கிறார்கள். இவர் முழுவதும் வாசித்துவிட்டுக் கொடுத்தார். அக்கா பாதியை மட்டும் வாசித்துவிட்டுக் கழுத்தை நீட்டினாள்.

"அவ மாறல அத்தான். உங்ககிட்ட பேசறதை விட்டுட்டா. அவ்வளவுதான். பேச்செல்லாம் சலவையில இருந்திருக்கு. போய்க் கேட்டுப் பாருங்க, ராஜாவைக் கடல்ல தள்ளி, மரம் இழைக்க வெச்சு, மாசக்கணக்கா சிரிச்சிருக்காளுங்க."

"என்ன உளர்ற?"

அவள் புத்தகத்தை அவர் முன்னால் நிறுத்தி வைத்தாள், தாள்களின் ஓரம் அவருக்குத் தெரிகிற மாதிரி. "பாருங்க. எது வரைக்கும் கை பட்டிருக்குன்னு பாருங்க. வாழ்நாள் பூரா வெச்சிருந்து இதுக்கு அந்தப் பக்கம் அவ போகவே இல்ல."

அவர் பார்த்தார். பழுப்பும் வெள்ளையும் சந்திக்கிற இடத்தில் விரலை வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, முகம் கறுத்து, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் அவ புருஷன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன். எனக்குத் தெரியும் என்ன போடணும்னு."

"தாராளமா போடுங்க. நாளைக்கு மறுநாள் அதே பேப்பர்ல, அதே இடத்துல நான் ஒண்ணு குடுப்பேன். 'திருத்தம்'னு தலைப்புப் போட்டு. நேற்று வெளியான அறிவிப்பில் நிழல் என்று இருப்பது பிழைன்னு. மோட்டார் சைக்கிளை வித்தது யாருன்னும் சேர்த்துப் போடுவேன்."

"ஊரு சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். சிரிச்சுட்டுத்தானே போனா அவளும்?"

மனம் திரும்பி, வருந்தி, தங்கச்சி நீ சொல்வது சரி என்று அவர் சொல்லியிருந்தால் இந்தக் கதை கேட்க இன்னும் நன்றாக இருந்திருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஊர் சிரிக்கும் என்ற பயம்தான் வென்றது. பேனாவை எடுத்து நடு வரிக்கு விட்டிருந்த இடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிட்டு, "இப்ப திருப்தியா?" என்றார்.

"இல்ல" என்றாள் தங்கை. தாளை எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கு அவளே போனாள்.

மறுநாள் அறிவிப்பு வந்தது. பெயர், வயது, ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர் என்று தங்கை தன் கையால் சேர்த்த விவரம். கீழ்த்தளம் இப்படி ஊரறிய அச்சாகிவிட்டதே என்று அத்தானுக்குக் கோபம். அவர் தங்கையிடம் பேசுவதில்லை. அவளுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவர் மேல் இருக்கிற கோபமும் குறையவில்லை, குறைய வேண்டும் என்று அவள் முயலவும் இல்லை.

சொன்னபடி புத்தகத்தை அவள் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வர விடவில்லை. அச்சுப் பிழை என்று தெரிந்த பிறகு அப்படியே விடலாமா என்று குண்டூசி ஒரு பென்சிலை நீட்டினாள். அதனால் வாரத்தில் ஒரு நாள், கடையில் அரைநாள் விடுப்பு உள்ள தினத்தில், தங்கை சாப்பாட்டு நேரத்துக்குச் சலவைப் பிரிவுக்குப் போகிறாள். அச்சில் இருப்பதை அவள் வாசிக்க வாசிக்க அவர்கள் ஏசுகிறார்கள். ஏசி முடித்ததும் அக்கா சொன்னதை நினைவுபடுத்திச் சொல்கிறார்கள். அவள் வரிகளை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதுகிறாள். 'நாணினாள்' வருகிற இடமெல்லாம் டிரம் மேஜையில் ஓங்கித் தட்டுவாள், அடி என்று பொருள்.

நானும் வரட்டுமா என்று தண்ணீரில் நின்று கேட்ட ராஜாவுக்கு விளக்குக்காரி என்ன பதில் சொல்லியிருப்பாள் என்பதில் அங்கே இரண்டு கட்சி. "துடுப்பு போட ஒரு ஆள் வேணுமில்ல, ஏத்திக்கட்டும்" என்கிறது டிரம் கட்சி. "ஏத்தினா நடுக்கடல்ல 'நான் ஓட்டறேன் நீ உக்காரு'ம்பான். நின்னு பாக்கட்டும்" என்கிறது குண்டூசி கட்சி. தங்கையை எந்தக் கட்சி என்று கேட்டால், அக்காவுக்குத்தான் தெரியும் என்கிறாள். கேட்கிறவர்கள் விடுவதில்லை. அந்த இடம் வரட்டும் பார்க்கலாம் என்கிறாள்.

அந்த இடம் இப்போதைக்கு வராது. சாப்பாட்டு நேரம் குறைவு, ஏசுவதற்கே பாதி போய்விடுகிறது. பென்சில் திருத்தம் முந்நூற்று நாற்பத்தெட்டாம் பக்கம் வரைதான் வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் விளக்குக்காரி இன்னும் பட்டத்து ராணிக்கு மாலை தொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.